வேலிக்கு அந்தப் பக்கமும் அடித்த மருந்து

1

வந்திருந்தவர்கள் ஆறு பேர். தோட்டச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். பதிவேட்டைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு ஒரு செயலாளர் அம்மா. புதுச்சேரிக்காரரான முசியே சவரிமுத்து. என்னோடு ஒரே அறையில் இருக்கும் குலம் அண்ணை. லியென் என்ற வியட்நாமியப் பெண், ஏழு மாத வயிற்றோடு. கடைசிக் கதிரையில், எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் என்று பெயரெடுத்த நான். வராதவர் ஒருவர்தான்: லியெனின் தாய் மதாம் ஹோவா. கூட்டமே அவருக்காகத்தான் கூட்டப்பட்டது. அவருக்கென்று போட்ட கதிரையில் செயலாளர் அம்மா தன் ஈரக் குடையை வைத்திருந்தார்.

பாரிசுக்கு வெளியே ஸ்தேன் என்ற புறநகரில், காய்கறித் தோட்டத் துண்டுகளுக்கு நடுவே மண்வெட்டிகள் வைக்கிற மரக்கொட்டிலில் அந்தக் கூட்டம் நடந்து நேற்றோடு ஒரு வருடம். நண்பர்களே, நீங்கள் ஊரிலிருந்து எழுதும் கடிதங்களில் பாரிசைப் பற்றி எழுது, எழுது என்கிறீர்கள். ஈபெல் கோபுரத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. நான் அதைத் தூரத்திலிருந்து நாலு தரம் பார்த்திருக்கிறேன். இப்போதைக்கு மண்ணைப் பற்றி எழுதுகிறேன். பாரிசில் நான் அதிகம் அறிந்தது கழுவும் கோப்பைகளையும் அந்த மண்ணையும்தான்.

லா சப்பல் பகுதியில் ஓர் அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். நான் ஓர் உணவுக்கடையில் கோப்பை கழுவுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொபினியிலுள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, இந்த நாட்டில் இன்னும் மூன்று மாதம் மூச்சு விடலாம் என்று ஒரு தற்காலிகத் தாளில் முத்திரை வாங்கி வருகிறேன். நான் முதலில் பிழையில்லாமல் கற்ற பிரெஞ்சு வாக்கியம் அங்கேதான் கிடைத்தது: 'முழுக் கோப்போடு திரும்பி வாருங்கள்.' எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் கடதாசி என்றால் எனக்கு ஒரு மரியாதை. முழுக் கோப்பு இருந்தால் முழு நியாயமும் கிடைக்கும் என்று நம்புகிற ஆள். அறைக்காரர்கள் இதைக் கண்டுதான் எனக்கு 'மாஸ்டர்' என்று பட்டம் வைத்தார்கள். படிப்பித்தது ஒரு நாளும் இல்லை.

தோட்டத்துண்டு முசியே சவரிமுத்துவின் பெயரில் இருந்தது. அவர் சைகோனில் இருபது வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு இங்கே வந்து ஓய்வூதியம் எடுக்கிறவர். பிரெஞ்சுக் குடிமகன். பிள்ளைகள் லியோன் பக்கம். புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதுவும் பிரெஞ்சில். ஒருநாள் லா சப்பல் கடையில் ஒரு பிடி பச்சை மிளகாயின் விலையைக் கேட்டு அவரும் குலம் அண்ணையும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அதில் தொடங்கிய பழக்கம். முசியேக்கு முழங்கால் மடங்காது. எங்களுக்கு நிலம் கிடையாது. பெயர் அவருடையது, முதுகு எங்களுடையது என்று ஒப்பந்தமாயிற்று.

2

குலம் அண்ணையின் பெருந்தன்மையைப் பற்றிச் சொல்லாமல் அடுத்த காரியம் விளங்காது.

அவருக்கு ஊரில் ஒரு வேலி வழக்கு இருந்தது. பதினொரு வருடம். எதிராளி அவருடைய சொந்தப் பெரியப்பாவின் மகன். மாரிக்கு மாரி வேலி அடைக்கும்போது கதியால் தடிகள் அரை விரற்கடை நடக்கும். ஒரு வருடம் இந்தப் பக்கம், மறு வருடம் அந்தப் பக்கம். அந்த அரை விரற்கடைக்காக விற்ற காணியின் அகலத்தை நான் இங்கே எழுதவில்லை, அவர் இதை வாசிப்பார். பிறகு ஹெலிகொப்டர் வந்தது, ஷெல் வந்தது, வழக்காளி பாரிசுக்கும் எதிராளி இந்தியாவுக்கும் போனார்கள். வேலி இப்போது யாருமில்லாமல் நடுவிலேயே நிற்கிறதாம்.

இதனால் அண்ணை இங்கே ஒரு சபதத்தோடு வாழ்ந்தார். வேலி விஷயத்தில் இனி ஒருவரோடும் ஒரு சொல் பேசுவதில்லை. அயலவருக்குக் கொடுப்பதுதான், எடுப்பதில்லை.

ஸ்தேனில் எங்கள் துண்டுக்கும் மதாம் ஹோவாவின் துண்டுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி. அந்தக் கம்பியில் இரண்டு பக்கத்தாலும் ஒரு சுற்றுக்கொடி ஏறி, பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டிருந்தது. மதாம் ஹோவா அதைத் தினமும் கையால் ஆய்வார். காலையில் பார்த்தால் ஆய்ந்த இடத்தில் இரண்டாக நிற்கும். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், பிரெஞ்சு பேசமாட்டார், எங்களைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். வீட்டை விட்டு அவர் வெளியே வருவதே இந்தத் தோட்டத்துக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

அந்த வைகாசி ஞாயிறு அண்ணை ஒரு கை மருந்து மெசினும், பூப்படம் போட்ட ஒரு தகரமும் வாங்கி வந்தார். பரந்தனில் வயல் செய்தபோது அடித்த அதே மருந்துதான் என்று மணந்து பார்த்தே சொன்னார். "நெல்லுக்கு ஒண்டும் செய்யாது, அகண்ட இலைக்காரரைத்தான் பிடிக்கும். மூண்டு நாளிலை பாரும் மாஸ்டர், கொடி சுருண்டு படுக்கும்."

எங்கள் பக்கம் அடித்து முடிந்தது. அவர் கம்பியைத் தாண்டிக் கையை நீட்டினார்.

கேட்டுவிட்டு அடிப்போமா என்றேன். அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எங்களூரில் மருந்தடிக்கிறவன் வேலியில் நின்று மற்றப் பக்கத்துக்கும் இரண்டு வீச்சு வீசிவிடுவது வழக்கம். கேட்கமாட்டான். கேட்டால் அது பெரிய உபகாரமாகி, மற்றவன் அதைத் திருப்பிச் செய்ய வேண்டி வரும். கேட்காமல் செய்வதுதான் மரியாதை. நானும் அந்த ஊர்க்காரன்தானே, மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அன்று காற்றும் அவர்கள் பக்கம் வீசியது. லியென் ஒரு சின்ன முக்காலியில் இருந்து வாசனைக் கீரைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கையில் பெருவிரலும் இன்னொரு விரலும் மட்டும்தான், பிறவியிலேயே அப்படி. அந்த இரண்டு விரலால் அவள் போடும் முடிச்சை எங்கள் பத்து விரலாலும் போட முடியாது. மணம் பட்டதும் கழுத்துத் துண்டை மூக்குக்கு இழுத்துக்கொண்டு என்ன அது என்று கேட்டாள். அண்ணை தன்னிடம் இருந்த பிரெஞ்சு முழுவதையும் இறக்கினார்: "மெடிக்கமோ, மதாம். போன். கிராத்துயி." மருந்து, நல்லது, இலவசம். லியென் சிரித்துவிட்டாள்.

அப்போது மதாம் ஹோவா குழாயடியிலிருந்து இரண்டு வாளி நீரோடு வந்தார். வாளிகளைக் கீழே போடவில்லை, மெதுவாக வைத்தார். அண்ணையின் கையில் இருந்ததைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார். தன் மேற்சட்டையைக் கழற்றி மகளின் தலைக்கு மேலால் போட்டு மூடி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்து, அவளை எழுப்பி நடத்திக்கொண்டு போனார். ஓடவில்லை. படலை வரைக்கும் மகளின் முகத்தைத் திறக்கவும் விடவில்லை.

"வேலியெண்டால் எல்லா நாட்டுச் சனத்துக்கும் கோவந்தான்," என்றார் அண்ணை, மனம் நொந்து. பிறகு அவர்கள் விட்டுப்போன இரண்டு வாளி நீரையும் அவர்களுடைய பயிருக்கே ஊற்றி, வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

3

அடுத்த ஞாயிறு போனபோது கொடி சுருண்டிருந்தது. மதாம் ஹோவாவின் தக்காளியும் சுருண்டிருந்தது. கம்பிக்குக் கிட்ட நின்ற பூசணியின் தண்டு, யாரோ பிடித்து முறுக்கினதுபோல் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி மண்ணைப் பார்த்தது. கீரைக்கட்டுகள் முக்காலியில் அப்படியே கிடந்து காய்ந்திருந்தன.

அதற்கு அடுத்த புதன் முசியேயின் வீட்டுக்குச் சங்கத்தின் கடிதம் வந்தது. பதிவுத்தபால். ஒழுங்குவிதி பதினான்கு: பிறர் துண்டில் எவ்வித பதார்த்தத்தையும் தெளிக்கலாகாது. விசாரணை நடக்கும், துண்டு பறிக்கப்படலாம். அறையில் ஐந்து பேரும் அதைச் சுற்றி இருந்து பார்த்தோம். இந்தக் கடிதத்தின் நகல் பொபினிக்குப் போகுமா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். தக்காளி சுருண்டதற்காக அகதி மனுவை மறுத்துவிடுவார்களோ என்று ஒருவர் கேட்டார். நான் மாஸ்டர் அல்லவா, அப்படிச் சட்டமில்லை என்று உறுதியாகச் சொன்னேன். அன்றிரவு எனக்கும் நித்திரை இல்லை.

மன்னிப்புக் கேட்க முசியேயோடு நானும் போனேன். அண்ணையும் வந்தார், ஒரு பெட்டி மாம்பழத்தோடு. தோட்டம் இருந்த அதே தெருவில் உயரமான கட்டிடமொன்றில் எட்டாவது மாடி. மதாம் ஹோவா கதவுக்கு வந்தார். அண்ணையைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். லியென் வெளியே வந்து கதவைச் சாத்தி, நடைபாதையில் நின்று கதைத்தாள். அவள் தாயோடு பிரெஞ்சில் கதைக்கிறவள். தாய் வியட்நாமியத்தில் மறுமொழி சொல்வார். மருந்தடித்த அன்று தாய் சொன்ன நீண்ட கதையில் பாதி தனக்கே விளங்கவில்லை என்றும், முசியேக்கு அந்த மொழி தெரியுமென்பதால் அவரை மட்டும் உள்ளே வரச் சொல்கிறார் என்றும் சொன்னாள்.

நானும் அண்ணையும் மாம்பழப் பெட்டியும் படிக்கட்டில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். முசியே வெளியே வந்தபோது முழங்கால் இன்னும் மோசமாகியதுபோல் நடந்தார். பஸ் நிறுத்தத்தில்தான் பேசினார்.

"அவங்க ஊரு சைகோனுக்கு வடக்கே, காட்டோரம் தம்பி. மூணு பிளேன் ஒண்ணா, தாழ வருமாம். பின்னாலே வெள்ளையா மழை மாதிரி. பப்பாளி முதல்ல விழுந்துச்சாம். வாழைக்காய் ஊதி வெடிச்சுதாம். பலாமரத்துல ஒரு இலை நிக்கல. திங்க வேற ஒண்ணும் இல்ல, விழுந்ததத்தான் பொறுக்கித் தின்னாங்க. சாடித் தண்ணி திறந்து கிடந்துச்சு, அதத்தான் குடிச்சாங்க. அப்ப அந்தம்மா வயித்துல இந்தப் பொண்ணு. வொலா, அதான் கதை."

அண்ணை கையில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அப்ப சைகோன்லதான் இருந்தேன்," என்றார் முசியே. "பேப்பர்ல போட்டிருந்தான். மரத்துக்குத்தான் அடிக்கிறோம், காட்டுல ஒளியறவன் தெரியணும்னு இலைய உதிர்க்கிறோம்னு. நான் காப்பி குடிச்சிட்டே படிச்சேன். மரத்துக்குத்தானேன்னு பக்கத்தத் திருப்பினேன்."

4

என் குணம் தெரியுமே. அடுத்த விடுமுறை நாளே நகர நடுவில் உள்ள பெரிய நூலகத்துக்குப் போனேன். அங்கே யாரும் தாள் கேட்பதில்லை, சூடேற்றியும் வைத்திருக்கிறார்கள். அகதிகளுக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். அகராதி ஒரு பக்கம், தகரத்தின் மேற்தாள் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மூன்று வாரம் வாசித்தேன்.

காட்டின் மேல் ஊற்றிய அந்தத் திரவம் செம்மஞ்சள் கோடு போட்ட பீப்பாய்களில் வந்ததாம். அதில் இரண்டு களைகொல்லிகள் பாதிக்குப் பாதி. ஒன்று எங்கள் தகரத்தில் இருந்ததேதான், எழுத்துக்கு எழுத்து. மற்றது வேறு. அந்த மற்றதைச் செய்யும்போது கூடவே ஒரு கொடிய நஞ்சு சேர்ந்துவிடுமாம். அது மண்ணிலும் மீனிலும் தாய்ப்பாலிலும் வருடக்கணக்கில் தங்குமாம். எங்கள் தகரத்தில் அது இல்லை. பீப்பாயைக் கையாண்ட அமெரிக்கச் சிப்பாய்களே நோயாகி வழக்குப் போட்டதையும், கொம்பனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் பணத்தை மட்டும் ஒப்புக்கொண்டதையும் வாசித்தேன். கீழே நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தேடினேன். அகராதி முழுவதும் புரட்டியும் அதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

அங்கிருந்து வரும் வழியில் ஐயாவை நினைத்தேன். பரந்தனில் குத்தகை வயலுக்கு அவர் மருந்தடிக்கும்போது தகரத்தில் உள்ளதை வாசிப்பது என் வேலை. கையுறை அணியவும், காற்றுக்கு எதிரே நிற்கவேண்டாம், கொள்கலனை மீண்டும் பாவிக்கவேண்டாம். ஐயா அதை லத்தீன் பூசை கேட்பதுபோல் மரியாதையாக, தலை குனிந்து கேட்பார். முடிந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வயலுக்குள் இறங்குவார். வாசித்ததோடு என் கடமையும் முடிந்துவிடும். அந்தத் தகரத்தை அம்மா சாம்பல் போட்டுக் கழுவிப் பயறு போட்டு வைப்பா. இதை எழுதி, தகரத்தை உடனே எறியச் சொல்லி ஒரு கடிதம் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஐயா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதின பதில் வந்தது. 'மகனே, மேலே பொம்பர் சுத்துது, நீ பாரிசிலை இருந்து பயத்தந் தகரத்துக்குப் பயப்பிடுகிறாய். தகரம் நல்லா இருக்குது.'

ஆனாலும் எனக்கு ஒரு பெருமிதம். நல்ல செய்தி கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா? லியென் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்கிறவள். அந்த வாசலில் போய் நின்று, குறிப்பு எழுதிய நாலு தாளையும் நீட்டினேன். பயப்பட வேண்டாம், எங்கள் மருந்து அந்த மருந்தில் பாதிதான், அதுவும் நல்ல பாதி என்று சொன்னேன்.

அவள் நாலு தாளையும் பொறுமையாகப் பார்த்தாள். தன் வைத்தியரும் ஏறக்குறைய இதையே சொன்னார் என்றாள். ஒரு நாள் மணத்தால் ஒன்றும் வராது. அவளுடைய கையைப் பற்றித் தாய் கேட்டதற்கு மட்டும், ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லையாம். பிறகு என்னிடம் கேட்டாள்:

"மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்று இதற்கு முன்னும் ஒரு தடவை அம்மாவிடம் தாள் கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? பிளேனிலிருந்தே போட்டார்கள். படமும் இருந்ததாம். உன் தாளில் படம் கூட இல்லை."

நான் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அது வேறு.

தாய் இப்போது வெளியே வருவதே இல்லையாம். இரவில் எழும்பி வந்து, நித்திரையில் கிடக்கிற மகளின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருப்பாராம். பிறக்கும்வரை இப்படியென்றால் தாய்தான் முதலில் போய்விடுவார் என்று லியென் பயந்தாள்.

5

இனிக் கொட்டிலுக்கு வருவோம். மழை. தலைவர் விதி பதினான்கை வாசித்தார். அவர் நல்ல மனிதர். தானும் அதே மருந்தைப் பாவிப்பதாகவும், சில கிழமையில் மண்ணில் அது கரைந்துபோகும் என்றும், எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு விடலாம் என்றும் சொன்னார். செயலாளர் அம்மா எழுதத் தொடங்கினார். முசியே மூச்சு விட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கோப்பு முழுமையாகிவிட்டது.

லியென் எழும்பினாள். அம்மாவுக்கு யாரையும் தண்டிக்க விருப்பமில்லை, துண்டையும் திருப்பிக் கொடுக்கிறார் என்றாள். ஒரு கேள்வி மட்டும் கேட்டு வரச் சொன்னாராம்.

"எதுவரை அடித்தீர்கள்? எங்கே தொடங்கி எங்கே முடிந்தது? ஊரில் அடித்தவர்களிடம் இதைக் கேட்க முடியவில்லை. எந்த மரம் வரை, எந்தக் கிணறு வரை என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. இந்தத் தடவை அடித்தவர் பக்கத்தில்தான் இருக்கிறார், கேட்டு வா என்றார்."

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை எழும்பி மழைக்குள் போனார். கொட்டில் மூலையில் பந்தல் தடிகள் கிடந்தன. ஒரு கட்டு அள்ளிக்கொண்டு போனார். நாங்கள் கதவடியில் நின்று பார்த்தோம். அவர் கம்பியைத் தாண்டி, அன்றைக்கு நின்ற இடங்களில் ஒவ்வொன்றாக நின்று, மருந்து மெசின் பிடித்ததுபோல் கையை நீட்டி, மருந்து போய் விழுந்த இடத்தில் தடியை ஊன்றினார். முறுக்கித் திரும்பின பூசணியடியில் குனிந்து பார்த்து, ஒரு தடியைப் பிடுங்கி இன்னும் ஒரு முழம் தள்ளி ஊன்றினார். எங்கள் பக்கமும் அப்படியே, கத்தரிப் பாத்தியின் நடுவால். பதினொரு வருடம் அரை விரற்கடைக்கு வழக்காடினவர் எல்லைக் கதியாலை முழம் முழமாகத் தனக்கு எதிராகவே போட்டுக்கொண்டு போனதை அந்தப் பெரியப்பா மகன் கண்டிருந்தால் வழக்கை வாபஸ் வாங்கியிருப்பான்.

நனைந்து வந்து நின்று என்னிடம் சொன்னார்:

"தடிக்குள்ளை இருக்கிற மண் முழுக்க நான் கிண்டி எடுக்கிறன் எண்டு சொல்லும். புது மண் போட்டுத் தாறன். கரையும் கிரையும் எண்டு அந்த மனிசிக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டாம்."

"அண்ணை, இரண்டு பக்கமும் சேர்த்தால் எவ்வளவு மண் தெரியுமே?"

"ஓம், தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரே படிப்பு அதுதான்."

செயலாளர் அம்மாதான் திகைத்தார். மண்ணை வெளியேற்ற விதியில் இடமில்லை. மண் நகரசபையுடையது. கடைசியில் வேறொரு படிவம் கண்டுபிடிக்கப்பட்டது, மரவேர் அகற்றும் படிவம். நான் நிரப்பினேன். 'அகற்றும் காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று நெடுநேரம் யோசித்து, 'அயலவர் விரும்புகிறார்' என்று எழுதினேன். தலைவர் வாசித்துவிட்டு, ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தும் இப்படியொரு காரணத்தைக் கண்டதில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

6

ஐந்து ஞாயிறு பிடித்தது. அறையில் ஐந்து பேரும் போனோம். முசியே கதிரை போட்டிருந்து மேற்பார்வை பார்த்தார், முழங்காலை அப்போதுதான் மிகவும் புகழ்ந்துகொண்டார். மண்வெட்டி ஆழத்துக்கு வெட்டி, சாக்கில் கட்டி, வெளியே ஒழுங்கைப் பாதைக்குக் கொண்டுபோய், வாடகைக்கு எடுத்த பெரிய இரும்புத் தொட்டியில் கொட்டினோம். கோப்பை கழுவிக் கழுவி மென்மையாகிப்போன என் கை முதல் நாளே கொப்பளித்தது. "படிச்ச கை," என்றார் அண்ணை.

மூன்றாம் ஞாயிறு மதாம் ஹோவா வந்தார். ஒழுங்கையிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. வெட்டின பள்ளத்தை அங்கிருந்தே பார்த்தார். பிறகு தன் காலில் கையை வைத்துக் காட்டினார்: முழங்கால் வரை.

"கேக்குறாங்க," என்றார் முசியே. "வேர் அவ்வளவு போகுமாம்."

அண்ணை முடிந்ததென்று நினைத்த பள்ளத்துக்குள் திரும்ப இறங்கினார். தொட்டி இரண்டாவதும் எடுக்க வேண்டி வந்தது. புது மண் கொண்டுவந்த லொறியும் இரண்டு.

ஆவணி மாதம் லியெனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல், எல்லாம் சரியாக இருந்தது. மண் கிண்டினதால் சரியாகப் பிறந்தது என்று அண்ணை கூடச் சொல்லவில்லை. வைத்தியர் சொன்னபடி மருந்தால் ஒன்றும் வந்திருக்காது. கிண்டாவிட்டாலும் அந்தக் குழந்தை அப்படியேதான் பிறந்திருக்கும். ஆனால் மதாம் ஹோவா அந்த ஞாயிறுகளில் யன்னலில் நின்று தொட்டி நிறைவதைப் பார்த்தாராம். இரவில் எழும்பி வருவது நின்றுவிட்டது என்று லியென் சொன்னாள்.

நாங்கள் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் செய்வதுபோல அவர்களும் மாதம் நிறைந்ததும் விருந்து வைக்கிறார்கள். எங்களையும் அழைத்தார்கள். குலம் அண்ணை சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு, கதவுக்குக் கிட்ட இருந்த கதிரையில், எழும்பி ஓட ஆயத்தமானவர்போல் இருந்தார். மதாம் ஹோவா குழந்தையைக் கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தார். அண்ணை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், தொடாமல். இரண்டு தரம் கழுவினதாக என்னிடம் தமிழில் சொன்னார். அங்கே யார் கேட்டார்கள்?

அடுத்த ஞாயிறு அந்த அம்மா தோட்டத்துக்கு வந்தார். புது மண்ணைக் கையில் எடுத்துக் கசக்கினார், மணந்தார், நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு குந்தியிருந்து கீரைத் தண்டுகளை ஊன்றத் தொடங்கினார். பாதியில் நிமிர்ந்து, இதற்கு எவ்வளவு பணம் முடிந்தது என்று முசியேயிடம் கேட்டார். அண்ணை அந்தக் கதையை விடச் சொன்னார். அந்த அம்மா விடவில்லை. இதுவரை ஒருவரும் தனக்கு ஒரு விலை சொன்னதில்லையாம். மண்ணுக்கு என்ன விலை என்று அறிய வேண்டுமாம்.

முசியே என்னைப் பார்த்தார். நான் சட்டைப்பையிலிருந்த பற்றுச்சீட்டுகளைக் கூட்டிச் சொன்னேன். முசியே அதைச் சைகோன் மொழியில் சொன்னார். மதாம் ஹோவா எழும்பி அந்தத் துண்டின் ஒரு முனையில் நின்று, மறுமுனைவரை அடியளந்து நடந்தார். நீளத்தில் பதினைந்து அடி வைத்தார், அகலத்தில் மூன்று. அங்கே நின்று ஒழுங்கைக்கு அப்பால், இன்னும் அளக்க நிலம் கிடப்பதுபோல், நெடுநேரம் பார்த்தார். பிறகு முசியே சொன்ன தொகையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், என்னிடம் திரும்பி, சரிதானா என்று பிரெஞ்சிலேயே கேட்டார். அவர் எங்களோடு பேசிய முதல் பிரெஞ்சு அது.

சரிதான், மதாம் என்றேன். மூவாயிரத்து நூற்று எண்பது பிராங்.